முன்பணம் கைமாறும் முன்பு

பெரும்பாக்கத்திலோ சிறுசேரியிலோ ஒரு புது அடுக்குமாடியில் சாவி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை, அங்கே வீடு வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவே சொல்லிவிடும். “கிச்சன் வேலை யாருக்குக் கொடுத்தீங்க?”, “சதுர அடிக்கு என்ன ரேட் சொன்னாங்க?”, “முடிச்சவங்க போட்டோ போடுங்களேன்” என்று ஓயாத கேள்விகள். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. வீட்டுக்கடன் தவணை ஒருபக்கம், இப்போது இருக்கும் வீட்டின் வாடகை மறுபக்கம். குழுவில் சிலர் ஊரிலேயே இல்லை; அபுதாபியிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு போன் திரையில்தான் தங்கள் வீட்டையே பார்க்கிறார்கள்.

இன்டீரியர் நிறுவனத்தின் விளம்பரம் போய்ச் சேர வேண்டியது இப்படிப்பட்டவர்களிடம். அழகான சமையலறை எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. பின்டரெஸ்டில் கண் வலிக்கும் அளவுக்குப் பார்த்தாயிற்று. கவலையெல்லாம் பணத்தைப் பற்றித்தான். கொடுத்த பிறகு போனை எடுப்பார்களா?

அந்தக் கவலைக்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அடுக்குமாடி கட்டுபவரின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அதன் 13ஆம் பிரிவு. திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணைய முகவரியும் இருந்தாக வேண்டும். கட்டுமானக் குறை தெரியவந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுவரை பில்டர்தான் பொறுப்பு. அதே வீட்டுக்குள் கப்போர்டு போட வரும் தனி நிறுவனத்துக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. ஆர்டரோடு பாதித் தொகை, பலகை வெட்டி சைட்டுக்கு வருமுன் மீதியில் பெரும்பகுதி என்று கேட்பது தொழிலில் சகஜம். ஒரு கதவுகூட மாட்டாத நிலையில் பணம் கிட்டத்தட்ட முழுவதும் போயிருக்கும்.

ஆகவே நிறுவனம் இணையத்தில் போடும் ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியை வைத்து அளக்கலாம்: பணம் அனுப்பும் முன்பு வாடிக்கையாளர் தானே சரிபார்த்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? “தரமே எங்கள் தாரக மந்திரம்” என்ற வரியில் சரிபார்க்க ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி எண்ணில் இருக்கிறது. 15 இலக்க எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் நிறுவனத்தின் சட்டப்பெயர், பதிவான தேதி, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். தமிழ்நாட்டில் பதிவானால் எண் 33 என்று தொடங்கும். அதே பெயரில் வங்கிக் கணக்கும், அதே பெயரைக் காட்டும் யுபிஐயும் இருந்தால் வெளிநாட்டில் இருப்பவருக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். “இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க சார்” என்று உரிமையாளரின் மைத்துனர் எண்ணைக் கொடுக்கும் நிறுவனம், இணையதளத்துக்குச் செலவழித்த காசை வீணடிக்கிறது.

படமும் வீடும்

கணினியில் வரைந்த படத்தைக் காட்டினாலே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீடனின் ஐக்கியா நிறுவனம் 2006இல் பெர்டில் என்ற ஒரு மர நாற்காலியைக் கணினியிலேயே உருவாக்கித் தன் கேட்டலாக்கில் சேர்த்தது. வாசகர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் அதன் பொருள் படங்களில் முக்கால்வாசி இப்படித்தான் உருவாகின. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஏனென்றால் படத்தில் இருந்த நாற்காலி கடையிலும் இருந்தது.

இன்டீரியர் வேலையில் நிலைமை வேறு. படம் வரையும்போது வீடு காலியாக இருக்கிறது. அந்தப் படத்தில் கூரைக்குக் கீழே துருத்தும் பீம் வராது. ஏசியின் தண்ணீர்க் குழாய் வராது. கேஸ் சிலிண்டர், ஆர்ஓ இயந்திரம், இன்வெர்ட்டர் பேட்டரி எதுவும் வராது. வெயில் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். இதைப் பார்த்துப் பணம் கொடுத்தவர் முடிந்த வேலையைப் பார்க்கும்போது, அது நல்ல வேலையாகவே இருந்தாலும், எதையோ இழந்ததாக நினைக்கிறார். ஒரு நட்சத்திர விமர்சனங்களில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. ஒரே வீட்டின் ஒரே மூலையை, ஒரே கோணத்தில், மூன்று கட்டங்களில் காட்டுவது: முதலில் கணினிப் படம், பிறகு பலகை ஏறிக்கொண்டிருக்கும் சைட், கடைசியில் முடிந்த வேலை. ஒவ்வொன்றின் மேலும் “3டி வரைபடம்”, “வேலை நடக்கும்போது”, “ஒப்படைத்த நாள்” என்று எழுதிவிட வேண்டும். இப்படி ஆறு வீடுகளைக் காட்டினால், அறுபது மினுமினுக்கும் படங்களைவிட அதிக வேலை செய்யும். குடியேறி ஓராண்டு கழித்து எடுத்த நான்காவது படமும் கிடைத்தால் இன்னும் விசேஷம். விற்பனைப் பிரிவு இதற்குச் சம்மதிக்காது; அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதே என்பார்கள். தெரியட்டும். தாளித்துச் சமைக்கும் வீட்டில் அந்த லேமினேட் துடைத்தால் சுத்தமாகிறதா என்பதுதான் வாங்குபவரின் கேள்வி.

வழக்கமாக யாரும் காட்டாத இடங்களைக் காட்டுவதும் அப்படியே. சிங்க்குக்குக் கீழே குழாய் வரும் பெட்டியின் உட்புறம், வெட்கிரைண்டர் வைக்கும் தட்டின் அடியில் கொடுத்த தாங்கல், பூஜை அலமாரியில் விளக்குப் புகை போக விட்ட வழி, லாஃப்ட்டுக்குள் பெரிய இட்லிப் பானை நுழைகிறதா என்பது. தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் முதலில் திறந்து பார்ப்பது இவற்றைத்தான்.

மற்றவர் படத்தை எடுத்துப் போடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மென்பொருள் இளைஞர் ஒருவர் அதைச் செய்வார். செய்து ஸ்கிரீன்ஷாட்டையும் போடுவார்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. வெற்று அறையின் போட்டோவைக் கொடுத்தால் சோபாவும் திரைச்சீலையும் போட்டுத் தந்துவிடுகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, 2026 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டு விற்பனை விளம்பரத்தில் கணினியால் மாற்றிய படம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும், மாற்றாத மூலப் படத்தையும் பார்க்க வழி தர வேண்டும். இந்தியாவில் இப்படித் தனிச் சட்டம் தேவைப்படாத ஓர் இடம் உண்டு. பில்டரோடு கைகோத்து வேலை செய்யும் இன்டீரியர் நிறுவனங்கள் ரெராவின் 12ஆம் பிரிவைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது. விளம்பரத்திலோ விளக்க ஏட்டிலோ சொன்னதை மட்டுமல்ல, மாதிரி வீட்டில் காட்டியதையும் நம்பி முன்பணம் கொடுத்தவர் தவறான தகவலால் நஷ்டப்பட்டாலும் பில்டர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. மாதிரி வீட்டில் அளவு குறைந்த கட்டிலைப் போடுவதும் அறைக் கதவுகளைக் கழற்றி வைப்பதும் விஷயம் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. அந்த அலங்காரத்தைச் செய்து கொடுத்தவர், எது வீட்டு விலையில் அடக்கம், எது தன் தனி வேலை என்று ஒவ்வொரு பொருளின் மேலும் சீட்டு ஒட்டிவிட்டால் பில்டருக்கும் நல்லது, பின்னால் தன்னைத் தேடி வரும் வாடிக்கையாளருக்கும் நல்லது.

கொட்டேஷனில் ஒளிந்திருப்பவை

படத்துக்கு அடுத்து வருவது விலை. பெரும்பாலான தளங்களில் விலையே இருப்பதில்லை. “தொடர்புகொள்ளவும்” என்ற பொத்தான்தான். கேட்டால், வீட்டைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்பார்கள். நியாயம்தான். ஆனால் சொல்லக்கூடியதையும் சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

ஒரு வார்ட்ரோபை எடுத்துக்கொள்வோம். 6 அடி அகலம், 7 அடி உயரம். முன்பக்கம் 42 சதுர அடி. அதற்கு மேலே 2 அடி லாஃப்ட் போட்டால் இன்னும் 12. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும்போது, லாஃப்ட்டுக்கும் அதே ரேட்டா? உள்ளே டிராயர் எத்தனை? ஒரு பக்கம் லேமினேட்டா, இரு பக்கமுமா? பின்பலகை எத்தனை மில்லிமீட்டர்? கீல் எந்த கம்பெனி? ஒரே ரேட் சொன்ன இரண்டு கொட்டேஷன்களில் கடைசித் தொகை பெருத்த வித்தியாசத்தோடு நிற்பது இந்தக் கேள்விகளால்தான். இணையதளத்தில் ஒரே ஒரு வார்ட்ரோபுக்கு, ஒரே ஒரு சமையலறைக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட முழுக் கணக்கையும் வரிவரியாகப் பிரித்துப் போட்டுவிட்டால் போதும். வருகிறவர் அதை வைத்துத் தன் வீட்டைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். பட்ஜெட் ஒத்துவராதவர்கள் அழைக்கவே மாட்டார்கள் என்பது உபரி லாபம்.

ஆரம்பத்தில் குறைந்த தொகையைக் காட்டி, கைப்பிடி தனி, ஏற்றுக்கூலி தனி, வரி தனி என்று கடைசியில் ஏற்றுவதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டு விதிகளில் தனி இடமே உண்டு. நுகர்வோரை மடக்கும் 13 இணைய உத்திகளை அது பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவதும் அதில் ஒன்று. “இன்று இரவு 12 மணிக்குள் புக் செய்தால் ஃபால்ஸ் சீலிங் இலவசம்” என்று ஒவ்வொரு இரவும் ஓடும் கடிகாரத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

விலையைவிடக் குழப்பமானது பலகை. “வாட்டர்ப்ரூஃப் பிளை” என்று எவரும் எதையும் சொல்லிவிடலாம். இந்தியத் தரநிலைப்படி பொது உபயோக பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்று எண் உண்டு. பலகையின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையோடு தரநிலை எண்ணும் தயாரிப்பாளரின் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தரநிலை அமைப்பின் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டுப் பார்த்தால் நடப்பில் உள்ள உரிமமா என்று தெரிந்துவிடும். லேமினேட் ஒட்டிய பிறகு முத்திரை மறைந்துபோகும். எனவே பலகை சைட்டில் இறங்கிய அன்றே முத்திரையைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால், அதை விளம்பரத்தில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இருப்பவர் அங்கிருந்தே சோதித்துக்கொள்வார்.

ஊருக்குத் தகுந்த அறிவையும் இங்கே காட்டலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் ஊறிய பார்ட்டிகிள் போர்டு உப்பினால் மறுபடி பழைய நிலைக்கு வராது. அந்தப் பகுதியில் தரைத்தளத்துக்கு எந்தப் பலகை, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பெட்டி தொடங்க வேண்டும், அடியில் ஸ்டீல் கால் கொடுப்பது ஏன் என்று விளக்கி இரண்டு நிமிட வீடியோ போடும் நிறுவனத்தை மக்கள் குறித்துவைத்துக்கொள்வார்கள். திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கீல்களையும் டிராயர் தண்டவாளங்களையும் துருப்பிடிக்க வைப்பதும் இப்படிப்பட்ட விஷயம்தான். தன் லாபத்துக்கு எதிராகப் பேச வேண்டியிருந்தாலும் பேச வேண்டும். எட்டாவது மாடி படுக்கையறை வார்ட்ரோபுக்கு மரைன் பிளை தேவையில்லை என்று சொல்லும் நிறுவனம், சமையலறைக்கு அது வேண்டும் என்று சொல்லும்போது நம்பப்படுகிறது.

நட்சத்திரங்கள்

பெரிய நிறுவனங்கள் நம்பிக்கையைக் காசு கொடுத்துத் தருவித்துக்கொள்ள முடியும். பெங்களூரின் ஹோம்லேன் 2021இல் தோனியைப் பங்குதாரராகவும் விளம்பர முகமாகவும் சேர்த்தது. பத்துப் பேர் வேலை செய்யும் வளசரவாக்கம் நிறுவனத்துக்கு அது கனவிலும் ஆகாது. ஆனால் அதற்கு ஆறுதலான ஓர் ஆய்வு இருக்கிறது. ஹார்வர்டின் மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயை எல்ப் என்ற விமர்சனத் தளத்தின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு 2011இல் எழுதினார். மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் கூடியது. இது தனி உணவகங்களுக்குத்தான். பல கிளைகள் கொண்ட சங்கிலி உணவகங்களில் அந்த மாற்றம் தெரியவில்லை. பெயர் தெரிந்த கடைக்கு விமர்சனம் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை, பெயர் தெரியாத கடைக்குத்தான் கூட்டுகிறது. இன்டீரியர் தொழிலுக்கும் இது பொருந்தும் என்று நினைக்க இடமிருக்கிறது.

அதற்காக ஐந்துக்கு ஐந்து வாங்கியே தீர்வது என்று இறங்கினால் காரியம் கெடும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று, வாங்கும் எண்ணம் உச்சத்தைத் தொடுவது 4.0 முதல் 4.7 வரையிலான மதிப்பீட்டில்தான், ஐந்தை நெருங்கும்போது இறங்குகிறது என்று கண்டது. மனிதருக்கு முழு மதிப்பெண் என்றால் சந்தேகம். பரிசு கொடுத்து விமர்சனம் வாங்குவதை கூகுள் தடை செய்திருக்கிறது. மகிழ்ச்சியானவர்களிடம் மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் அதன் விதிக்கு மாறானது. இந்தியத் தரநிலை அமைப்பும் இணைய விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது.

எப்போது கேட்பது என்பதில்தான் சூட்சுமம். சாவி கொடுத்த அன்று எல்லோரும் “சூப்பர்” என்றுதான் எழுதுவார்கள். ஒரு மழைக்காலம் கடந்த பிறகு கேட்டால், “பால்கனி பக்கத்துக் கதவு லேசாக இறுகியது, ஆள் அனுப்பிச் சீவிக் கொடுத்தார்கள்” என்று ஒருவர் எழுதுவார். இப்படி ஊர், வேலை, குறை, தீர்வு எல்லாம் உள்ள ஒரு பத்தியைப் படிக்கும் அடுத்தவருக்கு அதில் ஒரு மனிதர் தெரிகிறார்.

மோசமான விமர்சனத்துக்குப் பதில் எழுதுவதும் அதை எழுதியவருக்காக மட்டுமல்ல, பிறகு படிக்கப்போகிறவர்களுக்காகவும்தான். வாடிக்கையாளர் பாக்கி வைத்திருக்கிறார் என்று பொதுவெளியில் குற்றம்சாட்டுவது, உண்மையாகவே இருந்தாலும், படிப்பவரை விரட்டிவிடும். என்ன தாமதம், எதனால், எந்தத் தேதியில் முடித்தோம் என்று மூன்று வாக்கியம் போதும். வழக்கறிஞர் நோட்டீஸ் பாணி வேண்டாம்.

யூடியூபில் ஹோம் டூர் செய்பவர்களைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. பணமோ இலவச வேலையோ பெற்றுப் பேசுகிறவர் அதை வெளிப்படையாக, பேசும் அதே மொழியில் சொல்ல வேண்டும் என்பது நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட விளக்கம். தமிழ் வீடியோவின் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டால் போதாது. தவறான விளம்பரம் என்று நிரூபணமானால் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

பில்டரின் பட்டியல்

வீட்டைப் பதிவு செய்த மறுநாளே பத்து இன்டீரியர் நிறுவனங்கள் அழைப்பது எப்படி என்று எல்லா வாடிக்கையாளருக்கும் தெரியும். விற்பனை அலுவலகத்திலிருந்து எண்கள் கசிந்திருக்கின்றன. அழைத்தவரின் முதல் வாக்கியத்திலேயே நம்பிக்கை போய்விடுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையமாக வைத்தது. அதனால் ஒப்புதலின்றி எண்ணை வாங்கி அழைக்கும் பழக்கம் இனி சட்டச் சிக்கலும்கூட. பில்டரோடு உறவு இருந்தால் அதைச் சொல்லிவிட்டு, விருப்பமுள்ளவர் தானே எண்ணைத் தரும்படி மாதிரி வீட்டில் ஒரு க்யூஆர் குறியீட்டை வைக்கலாம். பில்டருக்குக் கமிஷன் போகிறது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். எப்படியும் ஊகித்துவிடுகிறார்கள்.

இனி தொடக்கத்தில் சொன்ன பணக் கவலைக்கு வருவோம். பணம் வாங்கும் கட்டங்களைத் தளத்திலேயே எழுதி வைக்கும் நிறுவனங்கள் இன்னும் குறைவு. வடிவமைப்பு முடிந்ததும் இவ்வளவு, பலகை இறங்கி முத்திரைப் படம் அனுப்பியதும் இவ்வளவு, பெட்டிகள் நின்றதும் இவ்வளவு, கடைசி 10 சதவீதம் குறைப்பட்டியல் தீர்ந்த பிறகு. வெளிநாட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் வெட்டி ஒட்டாத ஒரு வீடியோ: வாசலில் ஃபிளாட் எண்ணைக் காட்டி ஆரம்பித்து, எல்லாக் கதவையும் டிராயரையும் திறந்து மூடி, குழாயைத் திறந்து சிங்க்குக்குக் கீழே ஒழுகுகிறதா என்று காட்டி முடிப்பது. நடுவில் மாற்றம் கேட்டால், கூடும் தொகையை எழுதி அனுப்பி, வாட்ஸ்அப்பில் “சரி” என்று பதில் வந்த பிறகே ஆசாரி ரம்பத்தைத் தொட வேண்டும்.

இந்தத் தாள்களையும் செய்திகளையும் வீடு முடிந்த பிறகும் பல ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்த வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னை நிறுவனம் கோவையில் செய்த சமையலறைக்கு கோவை நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டி வரலாம். அப்போது மேசைமேல் வைக்க உதவுவது அந்த முத்திரைப் படமும் “சரி” என்ற பதிலும்.